அடுக்கு நினைவகம்: பக்கத்தை இடம் மாற்றும் உரிமை யாருக்கு?

செயலியோடு நேரடியாக இணைந்த முதன்மை நினைவகமான டிராம் ஒருபுறம். சிஎக்ஸ்எல் என்ற இணைப்பு வழியே எட்டும் நினைவகம் மறுபுறம். பின்னதை எட்ட ஏறத்தாழ இரு மடங்கு நேரம் பிடிக்கும். லினக்ஸ் அதைச் செயலி இல்லாத தனி நுமா நோடாக, அதாவது தனி எண் கொண்ட நினைவகத் தொகுதியாகக் காட்டுகிறது. எந்தப் பக்கம் (நினைவகத்தின் சிறு துண்டு) எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் யார் என்பதில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

முதல் வழியில் நிரலே சொல்கிறது. பக்கங்கள் எந்த நோடில் அமைய வேண்டும் என்று சொல்லும் எம்பைண்ட் அழைப்பு 2004-இலும், அவற்றை வேறு நோடுக்கு நகர்த்தும் மூவ்பேஜஸ் 2006-இலும் லினக்ஸின் மையமான கர்னலுக்கு வந்தன. தன் தரவை நன்கறிந்த தரவுத்தளத்துக்கு இவை கூர்மையான கருவிகள். ஆனால் இவை கேட்பது நோடு எண். ஒரு கணினியில் 2 என்பது மந்த நினைவகம். இன்னொன்றில் அதுவே டிராமாக இருக்கலாம். வன்பொருளின் அமைப்பை நிரலுக்குள் புதைக்கச் சொல்லும் இடைமுகம் நெடுநாள் தாங்காது. பக்கங்களை நோடுகளிடையே விகிதப்படி பரப்பும், கர்னல் 6.9 பதிப்பின் எடையிட்ட பங்கீடு இதைச் சற்றுத் தணிக்கிறது: அலைவரிசைக்கேற்ற விகிதத்தை நிர்வாகி அமைத்துவிடலாம், நிரல் அதை அறிய வேண்டியதில்லை.

இரண்டாவது வழியில் எல்லாம் கர்னல் பொறுப்பு. நெடுநேரம் தொடப்படாமல் ஆறிய பக்கங்களை வட்டிலுள்ள ஸ்வாப்புக்குத் தள்ளாமல், மந்த நினைவகமான கீழடுக்குக்கு இறக்கும் வசதி 5.15-இல் (2021) வந்தது; அடிக்கடி தொடப்படும் சூடானவற்றை மேலேற்றும் நுமா பேலன்சிங் முறை 5.18-இல் (2022) வந்தது. நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம், பெரும்பாலோருக்கு இதுவே போதும். ஆனால் சூட்டை அறியக் கர்னல் ஒரு பக்கத்தின் அணுகலைத் தடுத்து, வேண்டுமென்றே பக்கப்பிழையை (நிரலை நிறுத்திக் கர்னலை அழைக்கும் குறுக்கீட்டை) வரவழைக்கிறது. அந்தப் பிழை நிரலின் ஓட்டத்துக்கு நடுவே விழுகிறது. தாமதம் பொறுக்காத சேவைகள் இதை உடனே உணரும்.

மூன்றாவது, நினைவக அணுகலைக் கண்காணிக்கும் கர்னல் பகுதியான டேமன். பக்கம் தொடப்பட்டதா என்று குறிக்கும், பக்க அட்டவணையின் அணுகல் பிட்டுகளை மாதிரி எடுத்துப் பார்க்கும் இது, 6.11 முதல் சூடான, ஆறிய பகுதிகளை வேறு நோடுக்கு நகர்த்தவும் செய்கிறது. வேலையைக் கர்னல் செய்ய, எது சூடு என்ற வரையறை வெளியிலிருந்து வருகிறது. இந்தப் பிரிவினைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாதிரி இடைவெளியை அமைக்கும் சுமை நிர்வாகியின் தலையில் விழுந்தாலும் கூட.

ஆனால் பல சேவைகள் பகிரும் சர்வரில் மூன்றும் தடுமாறுகின்றன. ஒவ்வொரு சேவைக்கும் வளத்தை அளந்து கொடுக்கும் லினக்ஸ் குழுவான சிகுரூப்பின் மெமரி மேக்ஸ் என்ற மேல்வரம்பு பைட்டுகளை எண்ணுகிறதே தவிர அடுக்கைப் பார்ப்பதில்லை. ஓயாமல் நினைவகத்தைத் தொடும் ஒரு சேவை வேக அடுக்கை முழுதும் பிடித்துக்கொள்ள, அமைதியான சேவை தன் வரம்புக்குள் இருந்தபடியே மெதுவாகிறது. வேக அடுக்கில் இன்ன அளவு உறுதி என்று ஒவ்வொரு சிகுரூப்புக்கும் கீழ்வரம்பு தேவை. அதை நோடு எண்ணால் சொல்லாமல், அடுக்கின் பெயரால் சொல்ல முடிய வேண்டும்.