பதிவுத் துறையின் திருமணப் பதிவுச் சேவை: கல்லூரிக் காதலர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ சந்தித்துக் காதலித்து, படிப்பு முடிந்து ஒரு வேலையும் கிடைத்தபின் மணம் செய்துகொள்ள முடிவெடுக்கும் இணையர், வீட்டார் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும், தமிழ்நாட்டில் ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலில் வந்து நிற்கத்தான் வேண்டும். மண்டபத்தையும் சமையற்காரரையும் புகைப்படக்காரரையும் பற்றி எழுதித் தள்ளுகிறோம். பதிவுத் துறையின் இந்தச் சேவையை மதிப்பிட்டு எழுதுவோர் குறைவு. உடன் படித்தவர்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சென்று வந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவை மோசமில்லை. ஆனால், எந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து, அது எளிதில் முடியும் காரியமாகவும் இருக்கலாம், ஒரு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் காரியமாகவும் இருக்கலாம்.

இருவரும் இந்துக்கள் என்றால், சாதி வேறாக இருந்தாலும், வழி நேரானது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அது சட்டப்படி செல்லும் திருமணம், புரோகிதர் தேவையில்லை. வழக்கறிஞர் அறையில் நடத்தப்படும் இத்தகைய திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்ததை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றியமைத்தது. வழக்கறிஞர்கள் தம் தொழில் சார்ந்து அல்லாமல் நண்பர் என்ற முறையில் முன்னின்று நடத்தலாம் என்றும், ஊரறிய விழா எடுத்தால்தான் திருமணம் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. பெற்றோருக்குத் தெரியாமல் மணக்கும் வகுப்புத் தோழர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இப்படி நடந்த திருமணத்தை, 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாட்கள் வரை அவகாசம் உண்டு. நடைமுறையில் சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. திருமணம் நடந்ததற்குச் சான்றாக அழைப்பிதழோ கோயில் ரசீதோ கேட்கப்படுவது வழக்கம். அழைப்பிதழ் அச்சடிக்கும் நிலையில் இருப்பவர்கள் ஏன் இப்படி நான்கு நண்பர்களுடன் வந்து நிற்கப் போகிறார்கள்?

மதம் வேறானால், மதம் மாறாமல் மணக்கப் பொதுவாக நாடும் வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதில்தான் சேவையின் தரம் சட்டென்று சரிகிறது. காரணம் அலுவலர்கள் அல்லர், சட்டத்தின் வாசகமே. இருவரில் ஒருவராவது அறிவிப்புக் கொடுப்பதற்கு முன் குறைந்தது 30 நாட்கள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த பின், பெயர், வயது, தொழில், முகவரி ஆகியவற்றுடன் அது அலுவலகத்தின் பலகையில் ஒட்டப்பட்டு, இன்னொரு 30 நாட்கள் யார் வேண்டுமானாலும் படித்து ஆட்சேபம் தெரிவிக்கும்படி இருக்கும். இதுவாவது பரவாயில்லை, பெருநகரத்தில் அந்தப் பலகையைத் தேடிச் சென்று படிப்போர் சிலரே. ஆனால், விண்ணப்பதாரரின் நிரந்தர வசிப்பிடம் வேறு மாவட்டமாக இருந்தால், அறிவிப்பின் நகல் அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கும் அனுப்பப்பட்டு அங்கேயும் ஒட்டப்பட வேண்டும் என்கிறது சட்டம். சென்னையில் விடுதியில் தங்கிப் படித்து, அங்கேயே வேலையும் பார்க்கும் பெண்ணின் திருமணச் செய்தி, அவள் வாய் திறப்பதற்கு முன்பே சொந்த மாவட்டத்தின் சுவரில் ஏறிவிடுகிறது.

இந்த அச்சம் கற்பனையன்று. பொள்ளாச்சி அருகே ஒரே பொறியியல் கல்லூரியில் படித்துக் காதலித்து, சாதி எதிர்ப்பை மீறி 2015இல் மணந்த சங்கர், கௌசல்யா இணையர், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் தாக்கப்பட்டதும், சங்கர் உயிரிழந்ததும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் கோயிலில் மணந்தவர்கள்; அறிவிப்புப் பலகைக்கும் அந்தக் கொலைக்கும் தொடர்பில்லை. ஆயினும், எதிர்ப்பு எந்த எல்லைக்குப் போகும் என்று தெரிந்த பின்னும் முகவரியைச் சுவரில் ஒட்டுவதை ஒரு சேவையின் அங்கமாக என்னால் ஏற்க இயலவில்லை. இணையர் எழுத்து மூலம் கேட்டால் மட்டுமே அறிவிப்பை வெளியிடலாம் என்று 2021 சனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; இங்கே பலகை அப்படியே இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் காதலர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஆட்சேபம் யார் தெரிவித்தாலும், அதற்கு அடிப்படை சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் உள்ள நிபந்தனைகள் மட்டுமே: ஏற்கெனவே வாழ்க்கைத் துணை உயிருடன் இருப்பது, சம்மதம் தரும் மனநிலை இல்லாமை, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பாமை, விலக்கப்பட்ட உறவுமுறை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அந்த 30 நாட்கள் கடந்தபின் மூன்று சாட்சிகளுடன் கையெழுத்திட்டு, தமிழிலேயே உறுதிமொழி சொல்லி மணந்துகொள்ளலாம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இதை முடிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அலுவலகச் சூழலில் காதலுக்கு உரிய எதுவும் கிடையாது. அங்கே வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் வீட்டுமனை வாங்கவோ விற்கவோ வந்தவர்கள். பத்திரக்கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு நடுவே, கைப்பையில் மாலையை மறைத்தபடி மணமக்கள் உட்கார்ந்திருப்பார்கள். முகூர்த்த நாட்களில் பத்திரப்பதிவுக்குக் கூடுதல் டோக்கன் வழங்குவது துறையின் வழக்கமாதலால், நல்ல நாள் பார்த்து வருவதைத் தவிர்ப்பதே உத்தமம். சான்றுகளைச் சரிபார்க்கும் மேசையில் தலைவலி தருவது பெரும்பாலும் தலைப்பெழுத்து. பட்டச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவும், ஆதாரில் தந்தையின் முழுப்பெயராகவும், கடவுச்சீட்டில் பெயருக்குப் பின்னாலும் இருக்கும் அதே பெயரை, மூன்று காகிதங்களையும் அடுத்தடுத்து வைத்து விரலால் வருடிப் பார்க்கும் எழுத்தரிடம் பொறுமையாக விளக்க நேரிடும். துறையின் இணையதளத்தில் விவரங்களை முன்கூட்டியே பதிவேற்றும்போதே எழுத்துகளை ஒப்பிட்டுவிட்டால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

வாசலில் நிற்கும் இடைத்தரகர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் போன இடத்தில் ஒருவர், மதம் வேறான இணையருக்கு, ஒருவர் மதம் மாறிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம் என்று யோசனை சொன்னார். சம்பளம் வாங்கும் வயதில் இருப்பவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டக் கூடாது.

திருமணத்துக்குப் பின் கிடைப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தில், பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர்களுக்கு 50,000 ரூபாயும் மற்றவர்களுக்கு 25,000 ரூபாயும், இரு சாராருக்கும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் தரப்படுகின்றன. விண்ணப்பம் பதிவுத் துறைக்கு அன்று, சமூக நலத்துறைக்கு. திருமணமான இரண்டாண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து மற்றவர் வேறு வகுப்பினராக இருப்பதும், ஒருவர் முற்பட்ட வகுப்பினராக இருந்து மற்றவர் பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகப் பிற்படுத்தப்பட்டோராக இருப்பதும் இதில் அடங்கும். பிற்படுத்தப்பட்ட பிரிவுக்குள்ளேயே இரு வேறு சாதியினர் மணந்தால் இதில் இடமில்லை, வீட்டில் அவர்கள் வாங்கும் அடி ஒன்றும் குறைச்சல் இல்லை என்றாலும்.