மூக்கு ஸ்பிரேயோடு ஆறு வருஷம்

திருச்சியில் இருந்தவரை எனக்குத் தும்மல் வருவது வீட்டில் மிளகாய் வறுத்தால்தான். 2019இல் பெங்களூரு ஹொரமாவு பக்கம் குடிவந்தேன். முதல் மழைக்காலத்திலேயே காலையில் கண் விழித்ததும் வரிசையாக இருபது தும்மல். பக்கத்துக் காலி சைட் முழுக்க, மகரந்தத்தால் அலர்ஜி தரும் பார்த்தீனியக் களை. பொடிப் பொடி வெள்ளைப் பூ, பார்த்தால் பரம சாது. பிப்ரவரியில் ஊரே படமெடுக்கும் பிங்க் தபேபுயாவையும் திட்டியிருக்கிறேன். பாவம், அது தேனீயை நம்பிப் பூக்கிற மரம், மகரந்தத்தைக் காற்றில் அவ்வளவாக விடாது.

முதலில் மெடிக்கல்ஷாப்பில் கேட்டு வாங்கியது சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து. விட்ட சில நிமிஷத்தில் மூக்கு திறந்தது, சொர்க்கம்! ஐந்தாறு நாளுக்கு மேல் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நான் விட்டது இரண்டு மாதம். நிறுத்திய வாரம் வாயால்தான் மூச்சு.

பிறகு ஈஎன்டி டாக்டர் எழுதிக்கொடுத்தது ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே. ஒரு வாரம் அடித்தும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, காசு வீண் என்றே நினைத்தேன். பத்தாவது நாள்தான் தும்மாமல் எழுந்தேன். தலைவலி மாத்திரை மாதிரி வந்தபோது அடிக்கிற மருந்தில்லை இது, தினமும் அடிக்க வேண்டும். கைக்குட்டையில் ரத்தப்பொட்டு தெரிந்ததும் பயந்து திரும்பப் போனேன். டாக்டர் என்னை அடித்துக்காட்டச் சொல்லிச் சிரித்தார். மூக்கின் நடுச்சுவரைப் பார்த்தே அடித்திருக்கிறேன். தலையைக் கொஞ்சம் குனிந்து, இடது மூக்குக்கு வலது கை, முனை காதுப் பக்கம். பலமாக உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். அதற்கப்புறம் ரத்தம் இல்லை. 'ஸ்டீராய்டு ஆச்சே' என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அளவு மைக்ரோகிராமில், வேலை பெரும்பாலும் மூக்கோடு சரி. ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே பார்க்கச் சொல்லிக் காட்டிவிடுகிறேன்.

அலர்ஜி மாத்திரையில் செட்ரிசின் என்னை ஆபீஸ் மீட்டிங்கிலேயே தூங்கவைத்தது. ஃபெக்சோஃபெனடின் பரவாயில்லை. ஆரஞ்சு ஜூஸோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீர்தான்.

மழை போயும் தும்மல் முழுசாக நிற்காததால், எது அலர்ஜி என்று பார்க்கத் தோல் டெஸ்ட். அதற்குச் சில நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கையில் பார்த்தீனியத்தைவிடப் பெரிதாக வீங்கியது தூசிப்பூச்சிச் சாறு போட்ட இடம். மெத்தை, தலையணையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது. மெத்தைக்கு ஜிப் உறை, படுக்கை விரிப்புக்கு வாராவாரம் 60 டிகிரி வெந்நீர் வாஷ். தலையணையும் மாற்றினேன்.

"ஏன்டா, நான் குடுத்த இலவம்பஞ்சுத் தலையணையா உனக்கு ஆகல?" என்றாள் அம்மா. அது இப்போது ஹால் சோபாவில். அவள் வரும்போது மத்தியானம் அதில்தான் தூங்குகிறாள்.