முயலா, மாடா, மனிதனா? குடிநீர் ஒட்டுண்ணியின் தடம் பிடிக்கும் மூன்று சோதனைகள்

1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மிச்சிகன் ஏரி நீரோடு சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து வந்திருந்தது. குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் அதை ஒன்றும் செய்யாது. சந்தேகம் மாடுகள்மேலும் விழுந்தது. நுண்ணோக்கியில் மாட்டுவகையும் மனிதவகையும் ஒன்றுபோலவே தெரியும். சில ஆண்டுகள் கழித்து, நோயாளிகளின் மாதிரிகளில் எஞ்சியிருந்தவற்றை மரபணு வழியே பார்த்தபோது, அது மனிதரிடையே பரவும் வகை என்று தெரிந்தது. 2002-ல் ஹோமினிஸ் என்ற தனி இனப்பெயரும் அதற்குக் கிடைத்தது.

முதல் சோதனை இதே வேலையைத்தான் செய்கிறது: எந்த இனம் என்று மட்டும் சொல்கிறது. இன்று பெரும்பாலும் 18எஸ் என்ற மரபணுவைப் பார்க்கிறார்கள். எளிய சோதனை என்று இதை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. 2008 ஜூனில் இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில், பிட்ஸ்ஃபோர்டு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். சுத்திகரித்த நீர்த்தொட்டிக்குள் ஒரு முயல் செத்துக் கிடந்தது. முயலின் குடலிலும் நீரிலும் நோயாளிகளிடமும் ஒரே முயல்வகை. மனிதரிடம் அரிதாகவே காணப்பட்ட வகை என்பதால் வழக்கு அங்கேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

வகை அரிதாக இல்லாவிட்டால்? அப்போது இரண்டாவது சோதனை, ஜிபி60 என்ற மரபணுவைப் பார்ப்பது, தேவைப்படுகிறது. இந்த மரபணுவில் மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட துண்டுகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும். அவற்றை எண்ணிப் பெயர் வைக்கிறார்கள். ஐபி-ஏ10ஜி2 என்றால், ஐபி குடும்பம், ஒரு துண்டு பத்து முறை, இன்னொன்று இரண்டு முறை. வாகனப் பதிவெண் போல இருக்கிறது, ஆனால் ஒரே எண்ணில் ஆயிரம் வண்டிகள் ஓடுகின்றன. சுவீடனில் 2010-ல் ஓஸ்டர்சுண்டில் சுமார் 27,000 பேரும், அடுத்த ஆண்டு ஷெலெஃப்டியோவில் சுமார் 20,000 பேரும் நோயுற்றார்கள். இரண்டிலும் ஐபி-ஏ10ஜி2. ஐரோப்பாவில் பரவலாகக் கிடைக்கும் வகை இது. ஒரு நகரிலிருந்து மற்றதற்குத் தொற்று போனதா என்று இந்தப் பொருத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, இந்த ஒட்டுண்ணி பாலினப்பெருக்கமும் செய்வதால் மரபணுக்கள் கலந்துகொள்கின்றன. ஒரு மரபணு சொல்லும் கதையை மற்றொன்று மறுக்கலாம்.

மூன்றாவது சோதனையில் முழு மரபணுத் தொகுதியை, அதாவது ஏறத்தாழ 90 லட்சம் எழுத்துகளையும் படித்தால் இந்தக் குழப்பம் பெரிதும் தீரும். இடைஞ்சல் மாதிரியில் இருக்கிறது. பாக்டீரியாவைப் போல இதைத் தட்டில் வளர்த்துப் பெருக்க முடியாது. மலத்திலிருந்து நேரடியாகப் பிரித்தெடுக்க வேண்டும்; கிடைக்கும் டி.என்.ஏ. சொற்பம், அதிலும் பெரும்பகுதி குடல் பாக்டீரியாவுடையது. நீர் மாதிரியில் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே நோய் கிளம்பிய முதல் நாளில் நான் கேட்பது இனச் சோதனையைத்தான். நோயாளியின் ஜிபி60 வகையும் சந்தேகிக்கும் மூலத்தின் வகையும் பொருந்தவில்லை என்றால் அதை நம்புவேன். பொருந்தினால், அந்த வகை அவ்வூரில் எவ்வளவு சாதாரணம் என்று கேட்பேன். சாதாரணம் என்றால்தான் முழுத் தொகுதிக்குச் செலவு செய்யலாம், அதுவும் மாதிரியைக் கொட்டிவிடாமல் வைத்திருந்தால்.