ஐந்து வருடம், 60 தவணை, ஒரு வேகன் ஆர்

2025 நவம்பர் 5-ஆம் தேதி காலை, கணக்கிலிருந்து 10,379 ரூபாய் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. அறுபதாவது தவணை. கார் வாங்கும்போது எனக்கு வயது 24, மதுரையில் வேலை, சம்பளம் 31,000. இப்போது வண்டி 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் காரோடு சேர்த்து அந்தக் கடனையும் ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறேன், அதனால் இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

கார் வேண்டும் என்று தோன்றியது கொரோனா முதல் ஊரடங்கில். அப்பாவுக்கு முட்டி வலி, கோவில்பட்டியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வர பஸ் இல்லை, வாடகைக் கார் கேட்ட தொகை வாயில் சொல்ல முடியாதது. 2020 நவம்பரில் 1.2 லிட்டர் எஞ்சின் உள்ள வேகன் ஆர் எடுத்தோம். அப்பா குனியாமல் ஏறி இறங்க முடிகிற கார் என்பதுதான் முதல் காரணம். வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு 6,35,000 ரூபாய். என் சேமிப்பு 85,000, அம்மாவின் சீட்டுப் பணம் 50,000, மீதி 5 லட்சம் கடன். அப்போது தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்குள் உள்ள காருக்கு வாழ்நாள் வரி 10 சதவீதம். 2023 நவம்பரில் அது 5 லட்சம் வரை 12, அதற்கு மேல் 10 லட்சம் வரை 13 என்று ஏறியது. அந்த வகையில் நான் தப்பித்தேன்.

தப்பிக்காமல் போயிருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஷோரூமில் ஒரு தனியார் ஃபைனான்ஸ் ஆள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என் சம்பளக் கணக்கு இருந்த வங்கி 9 சதவீத வட்டி சொல்லியிருந்தது, ஐந்து வருடத்துக்கு மாதம் 10,379. இவர் ஐந்தரை சதவீதம் என்றார், ஏழு வருடம், மாதம் 8,244 மட்டும். வட்டியும் குறைவு, தவணையும் குறைவு. பேனாவை எடுத்துவிட்டேன். கூட வந்திருந்த மாமா கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, இது பிளாட் வட்டி. நீ பாதி அசலைக் கட்டி முடிச்சாலும் இவங்க அஞ்சு லட்சத்துக்கே வட்டி போடுவாங்க."

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஐந்தரை சதவீதம் பிளாட், ஏழு வருடம் என்றால் வட்டி மட்டும் 1,92,500. வங்கிக் கடனில் வட்டி குறையும் அசலுக்குத்தான், ஐந்து வருடத்துக்கு மொத்தம் 1,22,740. கிட்டத்தட்ட 70,000 ரூபாய் வித்தியாசம். சரி, அதே ஐந்தரையை ஐந்து வருடத்துக்கே வாங்கினால்? தவணை 10,625 வருகிறது, அதாவது 9 சதவீதக் கடனைவிடக் கூடுதல். ஐந்து வருடக் கணக்கில் ஐந்தரை பிளாட் என்பது நம் வழக்கமான கணக்கில் ஏறக்குறைய 10 சதவீதம். அந்த ஃபைனான்ஸ் ஆள் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வங்கியிலும் உடனே கிடைத்துவிடவில்லை. அதுவரை கடனே வாங்காததால் கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணே எனக்கு இல்லை. 300-இலிருந்து 900-க்குள் ஏதாவது ஒரு எண் இருந்தால் பேசலாம், எதுவுமே இல்லாதவனிடம் என்ன பேசுவார்கள்? கடைசியில் அம்மாவை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். கடனே வாங்காமல் ஒழுங்காக இருந்த பையன் என்று யாரும் பாராட்டவில்லை!

இன்னொரு முட்டாள்தனமும் நடந்தது. தவணைத் தேதி 5, எங்கள் கம்பெனியில் சம்பளம் போடுவது சில மாதம் 7-ஆம் தேதி. மூன்றாவது மாதமே தவணை திரும்பியது. அபராதம் 590 ரூபாய், சிபிலில் ஒரு கறை. அதன்பின் ஒரு தவணைத் தொகையைத் தனியாக அந்தக் கணக்கிலேயே போட்டு வைத்துவிட்டேன், ஐந்து வருடமும் அதைத் தொடவில்லை.

இன்சூரன்ஸில் நான் தெரிந்துகொண்டது காசு கொடுத்துத்தான். பிரிட்டனில் இருக்கும் நண்பன் ஒருவன், அங்கே சின்ன வயது ஓட்டுநர் என்றாலே பிரீமியம் எகிறும் என்பான். இங்கே அப்படி இல்லை. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416. என்னுடையது 1197 சிசி, அதனால் 1.0 லிட்டர்க்காரரைவிட நான் கூடுதலாகக் கட்டுகிறேன். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதால், நடுவில் என் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான சொந்தச் சேதக் காப்பீட்டை மட்டும் புதுப்பித்துப் பழகிவிட்டேன். நான்காம் வருடம் மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து வந்த பில்லைப் பார்த்ததும் ஏதோ ஏமாற்றுகிறார்கள் என்று ஏஜெண்டிடம் சண்டை போட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

2022 தொடக்கத்தில் மாட்டுத்தாவணி பக்கம் நிறுத்தியிருந்த வண்டியின் பின் பம்பரை ஒரு ஷேர் ஆட்டோ உரசிவிட்டுப் போனது. சரிசெய்ய 4,200 ஆனது. க்ளெய்ம் போட்டேன். கட்டாயப் பிடித்தம் 1,000, பிளாஸ்டிக் தேய்மானம் பாதி என்று எல்லாம் போக ஏறக்குறைய 2,000 கைக்கு வந்தது. க்ளெய்ம் போடாமல் இருந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு, நோ க்ளெய்ம் போனஸ் என்பார்கள். அடுத்த புதுப்பித்தலில் 25 சதவீதமாக வந்திருக்க வேண்டிய அது பூஜ்யமானது, அதற்கடுத்த வருடம் 35-க்குப் பதில் 20. வாங்கிய 2,000 அந்த இரண்டு வருடத்திலேயே திரும்பப் போய்விட்டது.

வண்டியைப் பற்றி. மதுரைக்குள் லிட்டருக்கு 15, நான்குவழிச் சாலையில் 90-இல் போனால் 19, 20. டேங்க் 32 லிட்டர்தான், ஆனாலும் ஊருக்கு இரண்டு முறை போய்வரத் தாராளம். டிக்கி 341 லிட்டர். தீபாவளிக்கு அக்கா குடும்பத்தின் பெட்டிகளும் முறுக்கு டின்களும் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. டயர் 46,000-இல் மாற்றினேன், பேட்டரி ஒரு முறை. பெரிய செலவு என்று வந்தது எலியால். மழைக்காலத்தில் ஒயரைக் கடித்து வைத்துவிட்டது. அதிலிருந்து பானட்டுக்குள் புகையிலைக் காம்பு கட்டித் தொங்குகிறது. எலி போனதோ இல்லையோ, ஏசி போட்டால் எனக்குப் புகையிலை நெடி வருகிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: 2019-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்தக் கார் பெற்றது ஐந்துக்கு 2 நட்சத்திரம். வாங்கும்போது தவணையை மூன்று முறை கணக்குப் போட்ட நான் இதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அதனால்தான் இப்போதும் 90-க்கு மேல் அழுத்துவதில்லை.

பெட்ரோல் கணக்கைப் பார்த்து நானே அதிர்ந்தேன். 61,000 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம். மொத்த வட்டியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஊருக்குப் போகும்போது கப்பலூரிலும் ஏட்டூர்வட்டத்திலும் சுங்கம் வேறு. கப்பலூரை எடுக்கச் சொல்லித் திருமங்கலத்துக்காரர்கள் எத்தனையோ வருடமாகப் போராடுகிறார்கள், அது அப்படியே நிற்கிறது. 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த 3,000 ரூபாய் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸை முதல் வாரமே எடுத்துவிட்டேன். 200 தடவை கடக்கலாம், எனக்கு வருடத்துக்கு நூறு போதும்.

2023 டிசம்பரில் போனஸும் கொஞ்சம் சேமிப்பும் இருந்தது, கடனை முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று போனேன். பாக்கி அசல் 2,27,000. மீதி 24 மாதத்தில் வரவிருந்த வட்டி 22,000-தான். முன்முடிப்புக் கட்டணம் 4 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 10,700. மிச்சம் 11,000 சொச்சம். ஆரம்பத்தில்தான் வட்டி தின்னும்: முதல் தவணையில் 3,750 வட்டிக்கே போயிருந்தது. பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். ஏழு மாதம் கழித்து அப்பாவின் முட்டி ஆபரேஷனுக்கு அது உதவியது.

2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் ஆபீஸில் இரண்டு பையன்கள் கார் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். இருவரும் என்னிடம் கேட்டது, எந்த நிறம் நல்லா இருக்கும் என்பது. நான் கேட்டது, உங்கள் தவணை எத்தனையாம் தேதி என்பது.

வங்கி தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-இன் இரண்டு பிரதிகளும் கொடுத்துவிட்டது. ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியில் வங்கியின் பெயரை நீக்கியாகிவிட்டது. இன்சூரன்ஸ் பாலிசியில் இன்னும் வங்கியின் பெயர் இருக்கிறது. ஏஜெண்டுக்கு இன்று காலையும் போன் போட்டேன், முன்பு போட்ட சண்டையை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது, எடுக்கவில்லை.