போரை முடிப்பதாகச் சொன்னவர்கள்: 2008 அமெரிக்கத் தேர்தலில் யார் எதை முடிப்பதாகச் சொன்னார்கள்?

2007 செப்டம்பர் 26 இரவு. நியூ ஹாம்ப்ஷயரின் டார்ட்மத் கல்லூரி மேடையில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். விவாதத்தை நடத்திய டிம் ரசர்ட் சுற்றி வளைக்காமல் கேட்டார்: உங்கள் முதல் பதவிக்காலம் முடியும் 2013 ஜனவரிக்குள் ஈராக்கில் அமெரிக்கப் படை எதுவும் இருக்காது என்று உறுதி தருவீர்களா?

நான்கு ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்வது கடினம் என்றார் பராக் ஒபாமா. அதுதான் என் இலக்கு, ஆனால் எந்த நிலைமை நம் கைக்கு வரப்போகிறதோ தெரியாதே என்றார் ஹிலாரி கிளின்டன். அந்த உறுதியை என்னால் தர முடியாது என்றார் ஜான் எட்வர்ட்ஸ். போட்டியில் முன்னணியில் இருந்தவர்கள் இந்த மூன்று பேர்தான். மூன்று பேருமே ஊர் ஊராகப் போய் ‘போரை முடிப்பேன்’ என்று கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். கெடுவுக்கு இன்னும் ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தது. அப்படியும் ஒருவர்கூட ‘சரி’ சொல்லவில்லை.

போரை வெறுத்த வாக்காளருக்கு அன்றிரவு வந்த எரிச்சலைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய பத்து மாதத்தைப் பார்க்க வேண்டும். 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் மக்கள் ஜனநாயகக் கட்சியிடம் ஒப்படைத்தார்கள். ஈராக் போர்மீது இருந்த சலிப்பு அதற்குப் பெரிய காரணம். 2007 ஜனவரியில் அதிபர் புஷ் செய்தது நேர் எதிரானது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்தார். படை திரும்பக் கெடு வைத்து நாடாளுமன்றம் அனுப்பிய நிதி மசோதாவை மே 1 அன்று வீட்டோ செய்து தடுத்தார். அதே மாதம் 24ஆம் தேதி, கெடு எதுவும் இல்லாத நிதி மசோதாவை மேலவையான செனட் 80க்கு 14 என்று நிறைவேற்றிக் கொடுத்தது. போரை நிறுத்தச் சொல்லி அனுப்பப்பட்ட கட்சியே போருக்குப் பணம் கட்டியது. அந்த 2007தான் அமெரிக்கப் படையினர் ஈராக்கில் மிக அதிகமாக உயிரிழந்த ஆண்டு, சுமார் 900 பேர்.

இந்தப் பின்னணியோடு வேட்பாளர்களை ஒப்பிடலாம். பலரும் தேதியை வைத்து ஒப்பிட்டார்கள். யாருக்குப் பதினாறு மாதம், யாருக்குப் பத்து மாதம் என்று. எனக்கு அது பயனில்லாத அளவுகோலாகப் படுகிறது. எத்தனை பேர் திரும்புவார்கள் என்பதை விட, எத்தனை பேர் அங்கேயே இருப்பார்கள், எதற்காக இருப்பார்கள் என்பதில்தான் விஷயம் இருந்தது.

முதலில் ஒபாமா. மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சண்டைப் பிரிகேடுகளைத் திரும்பப் பெற்று, பதினாறு மாதத்தில் வேலையை முடிப்பது அவர் திட்டம். கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சண்டைப் பிரிகேடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். புஷ் படையைக் கூட்டியபின் ஈராக்கில் இருந்தவை இருபது சண்டைப் பிரிகேடுகள். ஒன்றுக்கு மூன்றாயிரத்து ஐந்நூறு, நாலாயிரம் பேர் என்று வைத்தால் எழுபது எண்பதாயிரம் பேர். அங்கே அப்போது இருந்த மொத்தப் படையோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மற்றவர்கள் எல்லாம் தளவாடம், போக்குவரத்து, மருத்துவம், உளவு, பயிற்சி என்று வேறு கணக்கில் வருகிறவர்கள். ஆக, சண்டைப் பிரிகேடுகள் அத்தனையும் வீடு திரும்பினாலும், கணக்குப்படி பாதிப் படை அங்கேயே இருக்கலாம். தூதரகத்தைக் காக்கவும் அல்-காய்தாவைத் தாக்கவும் ஒரு ‘எஞ்சிய படை’ இருக்கும் என்று ஒபாமாவே சொன்னார். அதன் அளவைத்தான் சொல்லவில்லை.

கிளின்டனின் திட்டம் இன்னும் வழுக்கலானது. பதவியேற்று அறுபது நாளில் படையைக் குறைக்கத் தொடங்குவேன், அதற்கான திட்டத்தைத் தயாரிக்கும்படி தளபதிகளைக் கேட்பேன் என்றார். தொடங்கும் நாள் உண்டு, முடியும் நாள் இல்லை. எஞ்சியிருக்கும் படைக்கு அவர் வைத்திருந்த வேலைகள் நீளமானவை: பயங்கரவாத எதிர்ப்பு, ஈராக் படைக்குப் பயிற்சி, வடக்கே குர்துகளுக்குப் பாதுகாப்பு.

எட்வர்ட்ஸ் இங்கேதான் அவரைப் பிடித்தார். அல்-காய்தாவை வேட்டையாட வீரர்களை வைத்திருந்தால் அது சண்டைதானே, அதைப் போரின் தொடர்ச்சி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று அதே டார்ட்மத் மேடையில் கேட்டார். கேள்வி நியாயமானது. எட்வர்ட்ஸின் சொந்தத் திட்டம், நாற்பது ஐம்பதாயிரம் பேரை உடனே திருப்பிவிட்டு, மற்ற சண்டைப் படையையும் ஓராண்டுக்குள் வெளியேற்றுவது. தூதரகக் காவலுக்கு மட்டும் சில ஆயிரம் பேர் இருப்பார்கள். மூவரில் அவர் சொன்னதுதான் கணக்குக்கு வருகிறது. ஒரு சந்தேகமும் உண்டு. 2005 தொடக்கத்திலேயே செனட்டை விட்டு வெளியேறிவிட்டவர் அவர். நிதி மசோதாவுக்கு ஆம் என்று கை தூக்குவதா, இல்லை என்பதா என்ற சங்கடம் அவருக்கு இல்லை. வெளியே நின்று தெளிவாகப் பேசுவது எளிது.

செனட்டில் போட்ட வாக்குகளைப் பார்த்தால் ஒபாமாவும் கிளின்டனும் அவரவர் ஆதரவாளர்கள் நினைத்ததைவிட நெருக்கமாக இருக்கிறார்கள். 2006 ஜூனில், 2007 ஜூலைக்குள் படை திரும்ப வேண்டும் என்று செனட்டர்கள் கெர்ரியும் ஃபைன்கோல்டும் கொண்டுவந்த திருத்தம் 13க்கு 86 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் இருவரும் உண்டு. கெடு இல்லாத 2007 மே மாத மசோதாவை இருவரும் எதிர்த்தார்கள். வித்தியாசம் என்று ஒன்று உண்டென்றால் அது 2002இல். போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியபோது கிளின்டன், எட்வர்ட்ஸ், போட்டியில் இருந்த மற்ற இரு செனட்டர்களான பைடன், டாட் நால்வரும் ஆதரித்தார்கள். ஒபாமா அப்போது இலினாய் மாநில அவையில் இருந்தார். வாக்கு இல்லை, ஆனால் சிகாகோவில் ஒரு கூட்டத்தில் நின்று இது மடத்தனமான போர் என்று பேசினார். தன் வாக்கு தவறு என்று எட்வர்ட்ஸ் 2005இல் வெளிப்படையாக எழுதினார். இப்போது தெரிவது அப்போது தெரிந்திருந்தால் அப்படி வாக்களித்திருக்க மாட்டேன் என்பதோடு கிளின்டன் நிறுத்திக்கொண்டார். தவறு என்ற சொல் வரவே இல்லை.

போரைத் தொடங்கியதில் யாருக்குப் பங்கு என்ற கேள்விக்கு இது நல்ல பதில். எப்படி முடிப்பார்கள் என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டன. 2002இல் சரியாகப் பேசியவர் 2009இல் சரியாகச் செய்வார் என்று நம்பிக்கொள்வது எரிச்சலில் இருந்தவர்களுக்கு ஓர் ஆறுதல்.

அப்படியானால் நேராகப் பதில் சொன்னவர்களே இல்லையா? இருந்தார்கள். நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன், ஓராண்டுக்குள் எல்லாரும் திரும்ப வேண்டும், எஞ்சிய படை என்ற பேச்சே கிடையாது என்றார். மற்றவர்கள் படையின் வேலையை மாற்றப் பார்க்கிறார்கள், நான் போரையே முடிக்கப் பார்க்கிறேன் என்பது அவர் வாதம். முன்னணி மூவரைப் பற்றி அந்தத் தேர்தலில் யாரும் சொன்னதிலேயே கச்சிதமான விமர்சனம் அதுதான். டார்ட்மத்தில் 2013 உறுதியைத் தயங்காமல் தந்தவர் கிறிஸ் டாட். ஒஹையோவின் டென்னிஸ் குசினிச்சோ 2002லேயே எதிர்த்து வாக்களித்தவர். அவர் சொன்னது எளிமையானது: பணத்தை நிறுத்துங்கள், போர் நின்றுவிடும். நாடாளுமன்றத்தின் கையில் உண்மையில் இருந்த ஆயுதமும் அது ஒன்றுதான். ஆனால் களத்தில் நிற்கும் வீரனுக்குச் சாப்பாடும் தோட்டாவும் தர மறுத்தவர் என்ற பெயருக்குப் பயந்து பெரும்பாலோர் அதைத் தொடவில்லை. புலிவாலைப் பிடித்த கதை.

இந்த மூவரும் வாக்கு வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2008 ஜனவரி 3 அன்று அயோவா மாநிலத்தின் காகஸ் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம்) முடிந்த இரவே டாட் விலகினார். ரிச்சர்ட்சன் ஒரு வாரத்தில், குசினிச் அந்த மாதத்துக்குள். வாக்காளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிடித்த பதிலைச் சொன்னவருக்குப் போட்டால் பிடிக்காதவர் வந்துவிடுவாரோ என்று தயங்கி, ஜெயிக்கக்கூடியவர்களில் கொஞ்சம் பரவாயில்லாதவருக்குப் போட்டார்கள். அந்தத் தயக்கம் முன்னணியில் இருப்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் மழுப்பவும் முடிந்தது.

ஜோ பைடன் தனி ரகம். எப்போது கிளம்புவது என்பதை விட, கிளம்பினால் பின்னால் என்ன இருக்கும் என்பதைப் பேசினார். ஷியா, சுன்னி, குர்து பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் கூட்டாட்சி முறை அவர் யோசனை. அரசைக் கட்டுப்படுத்தாத, வெறும் கருத்தாக வந்த தீர்மானமாக செனட்டில் அது 75 வாக்கு பெற்றது. ஈராக் அரசு கடுமையாக எதிர்த்தது. யாருடைய நாடு என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா.

குடியரசுக் கட்சிப் பக்கம் ரான் பால் மட்டும், நாமாகத்தானே போனோம், நாமாகவே வந்துவிடலாம் என்றார். அவரும் 2002இல் எதிர்த்தவர். பின்னர் கட்சியின் வேட்பாளராகத் தேர்வான ஜான் மெக்கெய்ன், 2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரின் டெர்ரியில் ஒருவர் ஐம்பது ஆண்டு இருப்பதைப் பற்றிக் கேட்டபோது, நூறு ஆண்டாகவும் இருக்கலாம் என்றார். அமெரிக்கர்கள் சாகாமல், காயப்படாமல் இருக்கும் வரை, ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இருப்பதுபோல என்பது அவர் வைத்த நிபந்தனை. எதிர்த்தரப்பு ‘நூறு ஆண்டை’ மட்டும் பிடித்துக்கொண்டது. அது முழு நியாயம் இல்லை. அதற்காக நிபந்தனையைச் சேர்த்துப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. வீரர்கள் சாகாத ஈராக் எப்படி வரும், வரும்வரை எத்தனை பேர் சாக வேண்டும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்கெய்னுக்கு வாக்களித்தால் என்ன கிடைக்கும் என்று வாக்காளருக்குத் தெரிந்திருந்தது. போர் வேண்டாம் என்றவர்களுக்குக் கிடைத்த தெளிவான பதில், அவர்களுக்குப் பிடிக்காத பதில்.

2008 மார்ச்சில் இன்னொரு கூத்து. ஒபாமாவின் வெளியுறவு ஆலோசகர் சமந்தா பவர் பிபிசி பேட்டியில், பதினாறு மாதம் என்பது எல்லாம் நல்லபடியாக அமைந்தால் நடக்கக்கூடியது, வேட்பாளராக இருக்கும்போது போட்ட திட்டத்தையே அதிபரானபின்னும் அவர் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார் என்றார். உண்மையைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். கிளின்டன் தரப்பு பாய்ந்தது. அவர்கள் திட்டத்தில் பிடித்துக்கொள்ள முடியும் தேதி என்று ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம். பவர் அதே நேரத்தில் பதவி விலகினார், ஆனால் அதற்குக் காரணம் இது இல்லை. கிளின்டனை அரக்கி என்று சொன்னது வெளியே வந்துவிட்டது.

நடந்தது என்ன என்று பார்த்தால் யாருடைய திட்டமும் அப்படியே நடக்கவில்லை. 2008 ஜூலையில் ஈராக் பிரதமர் மாலிக்கி ஒரு ஜெர்மன் பத்திரிகையிடம் பதினாறு மாதம் என்பது சரியாக இருக்கும் என்றார். நவம்பரில் புஷ் அரசே ஈராக்கோடு ஒப்பந்தம் போட்டு, 2011 முடிவுக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. கெடு வைத்த மசோதாவை வீட்டோ செய்த அதே புஷ். ஒபாமா பதவிக்கு வந்ததும் புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸை அப்படியே வைத்துக்கொண்டார். 2002இல் போருக்கு ஆம் சொன்ன பைடன் துணை அதிபர், கிளின்டன் வெளியுறவு அமைச்சர். சண்டைப் பணி 2010 ஆகஸ்ட் 31 அன்று முடியும் என்று ஒபாமா அறிவித்தார். பதினாறு மாதம் பத்தொன்பதானது. அதற்குப் பின்னும் இருக்கப்போகும் ‘எஞ்சிய படை’ 35,000 முதல் 50,000 பேர் என்று அப்போதுதான் எண் வெளியே வந்தது. தேர்தலின்போது கேட்டவர்களுக்குக் கிடைக்காத எண்.

2011இல் கொஞ்சம் பேரை வைத்துக்கொள்ளப் பேச்சு நடந்தது. அமெரிக்க வீரர்களுக்கு ஈராக் நீதிமன்றத்திலிருந்து விலக்குத் தரும் விஷயத்தில் முறிந்தது. டிசம்பர் 18 அன்று கடைசி வாகன வரிசை குவைத் எல்லையைத் தாண்டியது. ரசர்ட்டின் 2013 கெடுவுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்பாகவே, டார்ட்மத்தில் மூன்று பேரும் தர மறுத்த உறுதி ஏறக்குறைய நிறைவேறிவிட்டது. கேள்வி கேட்டவர் அதைப் பார்க்கவில்லை. ரசர்ட் 2008 ஜூனிலேயே காலமாகிவிட்டார்.

2014 ஜூனில் ஈராக்கின் மோசுல் நகரம் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் கையில் விழுந்தது. ஒரு வாரத்துக்குள் ஒபாமா 275 வீரர்கள் வரை அனுப்புவதாக நாடாளுமன்றத்துக்கு எழுதினார். தூதரகத்தைக் காக்க. சில நாளில் ஈராக் படைக்கு ஆலோசனை சொல்ல 300 பேர் வரை. ஆகஸ்டில் விமானத் தாக்குதல். 2007இல் ‘எஞ்சிய படை’க்கு என்று எழுதிவைத்த வேலைப் பட்டியல், கிட்டத்தட்ட அதே வரிசையில்.