பிஎம்பி ‘பாஸ் கேரண்டி’ வகுப்புக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

“சனி ஞாயிறு மட்டும் வந்தா போதும் சார், அப்ளிகேஷன்லேர்ந்து சர்டிபிகேட் வரைக்கும் நாங்க பாத்துக்கிறோம்.” வேலை பார்த்துக்கொண்டே பிஎம்பி (ப்ராஜெக்ட் மேலாளர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ்) படிக்க விசாரிக்கிறவர்களுக்கு வரும் முதல் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். இந்த வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஒரு பயிற்சி மையம் உங்களுக்கு விற்கக்கூடியது 35 மணி நேர வகுப்பும் அதை முடித்ததற்கான சான்றும்தான். விண்ணப்பத்தை ஏற்பதும் நிராகரிப்பதும் பிஎம்ஐ, அதாவது இந்தச் சான்றிதழை நடத்தும் அமெரிக்க அமைப்பு. தேர்வு நடப்பது பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனம் வழியாக. பிஎம்பி சான்றிதழைத் தருவதும் பிஎம்ஐ மட்டுமே. தங்க எழுத்தில் பெரிதாக ‘பிஎம்பி’ என்று அச்சிட்டு மையம் கொடுக்கும் தாள், வகுப்புக்கு வந்தீர்கள் என்பதற்கான அத்தாட்சி. அதை ரெஸ்யூமில் பிஎம்பி என்று போட்டால், பிஎம்ஐயின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கும் எச்ஆர் அந்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவார். உங்கள் பயிற்றுநரின் பெயரையும் அதே பதிவேட்டில் நீங்கள் தேடிப் பார்க்கலாம். பணம் கட்டும் முன்பே பாருங்கள். விளம்பரத்தில் இன்னும் ‘ஆர்இபி’ (பிஎம்ஐயில் பதிவு பெற்ற பயிற்சி மையம்) என்று போட்டிருந்தால் அது பழைய கதை. அந்த ஏற்பாட்டை பிஎம்ஐ 2020இல் முடித்துவிட்டு ஏடிபி என்ற அங்கீகாரத்தைக் கொண்டுவந்தது. ‘35 பிடியு தருகிறோம்’ என்பவர்களிடமும் எச்சரிக்கை. பிடியு என்பது பிஎம்பி வாங்கிய பிறகு, அதைப் புதுப்பிக்க 3 ஆண்டுக்கு 60 என்று சேர்க்க வேண்டிய தொடர்கல்விப் புள்ளி. தேர்வுக்கு முன் கேட்கப்படுவது கான்டாக்ட் ஹவர்ஸ், அதாவது வகுப்பில் படித்த மணி நேரம். இந்த இரண்டையும் குழப்புகிறவர் விண்ணப்பப் பக்கத்தையே திறந்து பார்த்திருக்க மாட்டார்.

பெரிய ஆபத்து விண்ணப்பத்தில் இருக்கிறது. பட்டதாரிக்கு 36 மாதமும் பட்டம் இல்லாதவருக்கு 60 மாதமும் ப்ராஜெக்ட்டை வழிநடத்திய அனுபவம் வேண்டும். டீமில் இருந்து கோட் எழுதியதையும், சைட்டில் மேற்பார்வை மட்டும் பார்த்ததையும் அப்படியே கணக்கில் சேர்க்க முடியாது. ஒரே காலத்தில் இரண்டு ப்ராஜெக்ட் பார்த்திருந்தாலும் அந்த மாதங்கள் ஒரு முறைதான் எண்ணப்படும். நிறையப் பேருக்கு 36 என்று நினைத்தது 25, 26 ஆகச் சுருங்குவது இங்கேதான். அந்தக் குறையை ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்று சொல்லி, உங்கள் லாகின் பாஸ்வேர்டையும் வாங்கி, எல்லாருக்கும் போடும் அதே ப்ராஜெக்ட் விவரணையை மையம் ஒட்டிவிடும். பிஎம்ஐ சில விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் ஆடிட்டுக்கு, அதாவது ஆதாரம் கேட்டுச் சரிபார்க்க எடுக்கிறது. எடுத்தால் 90 நாளுக்குள் பட்டச் சான்று, 35 மணி நேரச் சான்று, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் அதை அறிந்த மேலாளரின் ஒப்புதல் எல்லாம் போக வேண்டும். நடக்காத ப்ராஜெக்ட்டுக்கு எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? அப்போது மையத்தில் போனை எடுக்க ஆள் இருக்காது. பொய் சொன்னதாகப் பதிவாவது உங்கள் பெயர்தான். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். விவரணையை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் நோக்கம், உங்கள் பொறுப்பு, விளைவு மூன்றையும் சொல்லுங்கள்.

‘பாஸ் கேரண்டி’ என்றால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கமாக அதற்குள் இருப்பவை: வகுப்புக்கு நூறு சதவீத வருகை, எல்லா மாக் டெஸ்ட்டிலும் குறிப்பிட்ட மதிப்பெண், வகுப்பு முடிந்த இத்தனை நாளுக்குள் தேர்வு. வேலைக்குப் போகிறவர் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் ரிலீஸ் வேலைக்கு உட்கார்ந்தாலே கேரண்டி போய்விட்டது. எல்லாவற்றையும் நிறைவேற்றினாலும் பல இடங்களில் கிடைப்பது அடுத்த பேட்ச்சில் இலவச இருக்கை; மறுதேர்வுக் கட்டணம் உங்கள் கையிலிருந்து. ‘61 சதவீதம் எடுத்தா பாஸ்’ என்று யாராவது சொன்னால் அதுவும் ஆதாரமில்லாதது. தேர்ச்சி மதிப்பெண்ணை பிஎம்ஐ வெளியிடுவதில்லை. ‘அசல் கேள்விகள்’ என்று விற்கும் டம்ப் (திருட்டு வினாத்தொகுப்பு) பக்கம் போகவே வேண்டாம். சான்றிதழ் பிற்பாடு ரத்தாகலாம்.

பாடப்பொருள் பழையதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. மாக் டெஸ்ட்டில் 200 கேள்வி, 49 ப்ராசஸை மனப்பாடம் செய், ஐந்து ப்ராசஸ் குரூப் வாரியாக மதிப்பெண் என்று இருந்தால் அது 2021க்கு முந்தைய தேர்வு. 2021 ஜனவரியில் வந்த அமைப்பில் 180 கேள்வி, 230 நிமிடம் என்று இருந்தது. கேள்விகளில் பீப்பிள் (ஆட்களை வழிநடத்துவது) 42, ப்ராசஸ் (வேலை முறை) 50, பிசினஸ் என்விரான்மென்ட் (தொழில் சூழல்) 8 சதவீதம் என்று வந்தன. ஏறக்குறைய பாதி அஜைல் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) அல்லது அதைப் பழைய முறையோடு கலந்த ஹைப்ரிட் பற்றியவை. இந்த அமைப்பும் அவ்வப்போது மாறும். நீங்கள் தேர்வு எழுதப்போகும் தேதிக்கு உரிய எக்ஸாம் கன்டென்ட் அவுட்லைனை (தேர்வுப் பாடத்திட்டம்) பிஎம்ஐ தளத்திலேயே இலவசமாக இறக்கி, மையத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி பணம். சொன்ன கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். தேர்வுக் கட்டணம் அதில் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. சேர்ந்தது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பிஎம்ஐக்கு நேரே கட்டுங்கள். ‘நோ காஸ்ட் இஎம்ஐ, ஒரு ஓடிபி சொல்லுங்க’ என்று கேட்டால் அது தவணை வசதி இல்லை, உங்கள் பெயரில் ஒரு என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) கடன். முழுத்தொகையும் மையத்துக்கு முதலிலேயே போய்விடும். வகுப்பு நின்றாலும் இஎம்ஐ நிற்காது, கட்டாவிட்டால் சிபிலில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு) விழும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிப்படி கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் (கடனின் முக்கிய விவரத் தாள்) தந்தே ஆக வேண்டும். கடனை வேண்டாம் என்று விலகும் கூலிங் ஆஃப் காலம் எத்தனை நாள் என்பது அதில் இருக்கும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டினால் அபராதமின்றி வெளியேறலாம். நாட்கள் மிகக் குறைவு, அன்றிரவே படித்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் போனில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, ரீஃபண்ட் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. கடன் கொடுத்த நிறுவனத்துக்குத் தனிப் புகார் எழுதி, 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) ஆன்லைனில் போகலாம். அதுவரை இஎம்ஐயை நிறுத்த வேண்டாம். புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக சிபில் காத்திருக்காது.