இழுப்புக்கு மாத்திரையா, பம்பா? பம்பு என்றால் எந்தப் பம்பு?

சம்பா அறுப்புக்கு மெஷின் இறங்கிவிட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் இழுப்பு உள்ளவர்களுக்கு நெல் தூசும் பனியும் சேர்ந்து படுத்திவிடும். மெடிக்கலில் "வீசிங் மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் என்பதால் மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அஸ்தாலின், அதாவது மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால், மாத்திரையாகவும் இருக்கிறது, பம்பாகவும் (இன்ஹேலர்) இருக்கிறது. இரண்டு பஃப் அடித்தால் உள்ளே போவது 200 மைக்ரோகிராம். ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையிலோ 4,000 மைக்ரோகிராம், இருபது மடங்கு. அவ்வளவும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரவேண்டும், அதற்கு அரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பம்பு நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் ஐந்து நிமிடத்தில் கேட்கும். "பம்பு பழகினா விட முடியாது" என்ற பேச்சை நம்பி மாத்திரைக்குப் போகாதீர்கள், அது போதைப் பழக்கம் ஆகாது.

இழுப்புக்குப் போடும் இன்னொரு மாத்திரையான டெரிபிலின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதிலுள்ள தியோஃபிலின் வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி. கூடவே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் போட்டாலே ரத்தத்தில் அளவு ஏறி வாந்தி, இதயத்துடிப்புக் கோளாறு, வலிப்பு வரை போகலாம். டாக்டர் பார்த்துத் தந்தால் சரி, கடையில் நாமாகக் கேட்டு வாங்கவே கூடாது.

சரி, பம்பிலேயே எது? என் ஓட்டு ஃபார்மோடெராலும் புடசோனைடும் சேர்ந்த பம்புக்கு (ஃபோராகார்ட் மாதிரி). ஃபார்மோடெராலும் குழாயை விரிப்பதுதான், சில நிமிடங்களில் கேட்கும், ஆனால் சால்பூட்டமால் போல நாலைந்து மணி நேரத்தில் விட்டுவிடாமல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அதைவிட முக்கியம், சால்பூட்டமால் குழாயை விரிக்குமே தவிர உள்ளேயிருக்கும் அழற்சியைத் தொடாது, மூச்சு லேசாகிவிட்டதால் நோயும் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே இருப்போம், உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்கும். புடசோனைடு அந்த அழற்சியைக் குறைக்கிற ஸ்டீராய்டு. லேசான ஆஸ்துமாக்காரர்களிடம் நடந்த, 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தேவைப்படும்போது மட்டும் இந்தக் கூட்டு மருந்தை எடுத்தவர்களுக்கு, வெறும் விரிப்பான் எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைவு. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமால் மட்டும் போதாது என்று ஜினா (GINA) என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டியும் 2019-இல் சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு என்றதும் பயம் வரும், ஆனால் இது மைக்ரோகிராம் கணக்கு. அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது.

சால்மெடெரால் என்ற இன்னொரு விரிப்பான் கேட்க இருபது நிமிடம் வரை ஆகும், அவசரத்துக்கு உதவாது. ஸ்டீராய்டு இல்லாமல் அதைத் தனியாக எடுத்த ஆஸ்துமாக்காரர்களிடம் இறப்பு கூடியதும் ஆய்வில் தெரிந்தது. இப்ராட்ரோபியம் என்ற விரிப்பான், ஆஸ்பத்திரியில் கடுமையான தாக்குதலின்போது சால்பூட்டமாலோடு சேர்த்து நெபுலைசரில் வைப்பது.

இப்போது வீட்டில் நீலப் பம்பு (சால்பூட்டமால்) மட்டும்தான் இருக்கிறதென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டு மாற்றும்வரை அதுதான் கைகொடுக்கும். ஆனால் வருஷத்துக்கு மூன்று பம்பு தீர்கிறதென்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. அடித்தும் அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.